ஏழடிப் பலகையும் ஒரு சனிக்கிழமையும்

திருநள்ளாற்றில் எள் கிடைக்கும், நல்லெண்ணெய் கிடைக்கும், கறுப்புத் துணி எத்தனை முழம் கேட்டாலும் கிடைக்கும். அலை கிடைக்காது. அலைக்கு நாங்கள் காரைக்கால் போக வேண்டும். அலையோடு அதில் சறுக்கக் கற்றுக்கொடுக்க ஆளும் வேண்டுமென்றால் புதுச்சேரி போக வேண்டும். புதுச்சேரிதான் எங்களுக்குத் தலைநகர். ஆனால் அங்கே போய்ச் சேர நடுவில் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். என் ஊரிலிருந்து என் தலைநகருக்கு, இன்னொருவர் வீட்டு வாசல் வழியாக. பாஸ்போர்ட் ஒன்றுதான் கேட்கவில்லை. மற்றதெல்லாம் கேட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அலைச்சறுக்குப் பயிற்றுநர் ஆவதற்கு ஒரு சங்கம் வகுப்பு நடத்துகிறது. பிராந்தியத்துக்கு ஓர் இடம்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குள் சொந்தப் பலகையோடு கடற்கரைக்கு வந்து அலையில் நின்று காட்ட வேண்டும். எந்தப் பிராந்தியத்திலிருந்து ஆள் வரவில்லையோ அதன் இடம் புதுச்சேரிக்காரருக்குப் போகும். கடைசி வரியைப் படித்ததும் எனக்கு எரிந்தது. காரைக்காலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த அறிவிப்பிலும் நடப்பது கடைசி வரிதான் என்பார்கள்.

அந்த இடம் எனக்கு வேண்டும். பொறியியல் படித்த நான்கு வருடமும் புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டவள் நான். ஊருக்குத் திரும்பிய பிறகு தோழி ஜெனிஃபரோடு காரைக்கால் கடலில் பழகுகிறேன். பலகை அவளுடையது. காரைக்கால் தலத்தெருவில் அவள் வீடு. பிரான்சில் இருக்கும் அவள் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து, திரும்பத் தூக்கிக்கொண்டு போகச் சலித்து விட்டுவிட்டுப் போனது. எனக்குத் தெரிந்து காரைக்கால் கடலில் இருக்கும் ஒரே சறுக்குப் பலகை அதுதான். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒரு ஞாயிறு நாலு பேரைத் தண்ணீரில் இறக்கினோம். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுக் காவலர்கள் கரைக்கு விரட்டினார்கள். அந்தச் சான்றிதழ்தான் புதுச்சேரியில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை முழுக்க வண்டி தேடினேன். வாடகைக் கார்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “சனிக்கிழம அன்னிக்குத் திருநள்ளாத்துல வண்டி கேக்குறியேம்மா, வெளியூர்லேந்து வந்தவ மாதிரி.” அவர் வண்டி ஒன்பது கிரகத்தையும் சுற்றிக் காட்டப் போகிறது. மற்றவர்களுடையதும் அப்படியே. எங்கள் ஊர் வண்டிகளுக்குச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாது. இருசக்கர வண்டியின் பக்கவாட்டில் பலகையைக் கட்டிக்கொண்டு நானே ஓட்டிப் போகிறேன் என்றேன். கிழக்குக் கடற்கரைச் சாலையின் லாரிகளை அப்பா ஒவ்வொன்றாக வர்ணித்தார். ரயிலா? தண்டவாளம் இருக்கிறது. எனக்கு வேண்டிய நேரத்தில் எனக்கு வேண்டிய திசையில் அதன் மேல் எதுவும் போகவில்லை. பலகையை மட்டும் பார்சலில் அனுப்பலாமா என்று கேட்டதற்கு, “செவ்வாய்க்கிழமை போயிடும்” என்றார்கள், பெருமையாக.

மிச்சம் பேருந்து. பேருந்தில் பலகையை ஏற்ற வேண்டுமென்றால் பலகைக்கு உறை வேண்டும். ஜெனிஃபர் தண்ணீர் கேன் வண்டி ஒன்றில் பலகையை எங்கள் வீட்டுக்கு ஏற்றி அனுப்பினாள். தையல்காரர் அளவெடுத்துவிட்டு, ஏழடிக்கு ஒட்டுப்போடாமல் தைக்கக் கறுப்பில்தான் துணி இருக்கிறது என்றார். எங்கள் ஊரில் வேறு என்ன இருக்கும்? சரி என்றேன். அந்த ஒரு ‘சரி’யை இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

துணைக்குச் சித்தப்பா வந்தார். போலகத்தில் இருக்கிறார், காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கையெழுத்து வாங்கக் கோப்பைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரிக்கு எத்தனையோ தடவை போய்வந்தவர். “பாண்டிக்குப் போறதுக்குன்னு ஒரு வழி இருக்கு கயலு. காலையில இட்லி, பஸ்ல ஜன்னலோரம், வாயத் தொறக்காம இருக்குறது” என்றார். பலகையைப் பார்த்ததும் அவரே வாயைத் திறந்தார். “இத நானும் தூக்கணுமா?”

“ஒரு பக்கம் புடிங்க போதும் சித்தப்பா.”

“ஆபீஸ்காரங்க யாராச்சும் பாத்தா?”

சனிக்கிழமை காலை பேருந்து நிறுத்தம் வரைக்கும் பிடித்தார். அங்கே கீழே வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய், எதிர்க்கடைப் பலகையில் எழுதியிருந்ததை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தார். கறுப்பு உறையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சாமானும் நானும் தனியாக நின்றோம். சுற்றிலும் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, புதுத் துணியில் ஈரத் தலையோடு சனியைக் கழித்துவிட்ட நிம்மதியில் நிற்கும் கூட்டம். கழித்த துணியைத் திரும்பத் தொடக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது என்பது இங்கே வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும்.

காரைக்கால் பேருந்து வந்தது. பலகையைப் பின்வாசலில் நுழைத்தேன். உள்ளே ஓர் அம்மாள் தெலுங்கில் உரக்கப் பேச, நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. வாசலில் எள் பொட்டலம் விற்கிற அக்காவுக்குத் தெரியும்.

“என்னக்கா சொல்றாங்க?”

“இவ்ளோ தூரம் வந்து நாங்க எறக்கி வச்சத, இந்தப் பொண்ணு மூட்டையா கட்டி எங்களோடயே பஸ்ல அனுப்புறாளேங்குறாங்க.” அக்கா பலகையைத் தொடாமல் எட்டிப் பார்த்தாள். “ஏம்மா, உள்ள நெசமாவே துணியா?”

“பலகைக்கா! கடல்ல வுடுற பலகை!”

அக்கா மொழிபெயர்த்தாள். என்ன மொழிபெயர்த்தாளோ, உள்ளே சத்தம் இன்னும் கூடிற்று. “கடல்ல வுடுறதுன்னா பரிகாரம்தானேன்னு கேக்குறாங்க” என்றாள்.

நடத்துநர் இரண்டு கையையும் கூப்பினார். “எறங்கிக்கம்மா. வண்டி காலியாயிடும்போல இருக்கு.”

நான் விடவில்லை. காற்றுக்குச் சீட்டு வேண்டாம், பலகைக்கும் வேண்டாம், இது அரசாங்க வீதிதானே என்று என்னென்னவோ கத்தினேன். பேருந்து போய்விட்டது. சித்தப்பா இன்னும் அந்தக் கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் காலியாகத் திரும்பிய தண்ணீர் கேன் வண்டிதான் எங்களைக் காரைக்கால் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியது. ஒரு பாவத்தையும் கழிக்காத கேன்கள். ஆட்சேபிக்கவில்லை.

புதுச்சேரிப் பேருந்தின் நடத்துநர் நல்ல மனிதர். கடைசி இருக்கைக்கு முன்னால், காலடியில் குறுக்கே வைக்கச் சொன்னார். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. சித்தப்பாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நானும் கொஞ்சம் ஆறினேன். அந்த ஆறுதல் நண்டலாறு பாலம் வரைக்கும்தான்.

எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் சோதனைச்சாவடி. எங்கள் பக்கத்துச் சரக்கு அந்தப் பக்கம் போகாமல் பார்க்க நிற்கிறார்கள். எந்தப் பேருந்தாக இருந்தாலும் ஏறி, பைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். காரைக்கால்காரர்களுக்கு இது பழக்கம். கல்யாணத்துக்குப் போகிற குடும்பம்கூடப் பையைத் திறந்து மடியில் வைத்துக்கொள்ளும். இளைஞரான ஒரு காவலர் ஏறினார். பலகையில் கால் தட்டியது.

“இது யாருது?”

“என்னுது சார். அலையில சறுக்குற பலகை.”

விரலை மடக்கித் தட்டினார். பலகை டொம் டொம் என்றது. “உள்ள காலியா இருக்கே. எறக்கு.”

இறக்கி உறையைக் கழற்றினேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பலகையில் கால் வழுக்காமலிருக்க ஒரு மெழுகு தடவுவோம். கடையில் விற்பது எங்களுக்குக் கிடைக்காததால், மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திகளைத் தேங்காய் எண்ணெயோடு ஜெனிஃபர் காய்ச்சித் தருவாள். கறுப்பு உறைக்குள் காலை வெயிலில் வெந்து, அது இளகி, புளித்த வாடை அடித்தது. போதாததற்குப் பலகையின் முதுகில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக ஒரு திருகு மூடி இருக்கிறது. வெயிலில் உள்ளே காற்று விரிந்தால் வெளியேற்றுவதற்கு.

காவலர் குனிந்தார். முகர்ந்தார். மூடியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே.

“சார்! இங்க வாங்க! தென்னை வாடை வருது. ஊத்துறதுக்கு மூடி வேற வச்சிருக்காங்க!”

கள்! காரைக்காலில் கள்ளுக்கடை உண்டு. பாலத்துக்கு இந்தப் பக்கம் கூடாது. பிரான்சில் செய்து, விமானத்தில் வந்து, தலத்தெருவில் மெழுகு பூசிய பலகை, கள் கடத்தும் ஏழடிப் பானையாகிவிட்டது.

நாற்காலியிலிருந்து வயதில் மூத்த காவலர் ஒருவர் நிதானமாக எழுந்து வந்தார். “பூசணிக்காய்க்குள்ள வச்சுப் பாத்திருக்கேன். ஸ்டெப்னிக்குள்ள பாத்திருக்கேன். இது புதுசு” என்றார், கிட்டத்தட்ட மரியாதையோடு.

“சார், மூடியத் தெறந்து காட்டுறேன். மோந்து பாருங்க.”

திறந்தேன். முகர்ந்தார். ஒன்றும் வரவில்லை. “குடிச்சிட்டுக் காலியா கொண்டு போறீங்களோ?” என்றார் இளையவர்.

“ஏழடி கள்ளக் குடிச்சிட்டு நான் இப்புடி நேரா நிப்பேனா சார்?”

பேருந்திலிருந்து சிரிப்பு எழுந்தது. அதுதான் வினை. இளையவருக்கு ரோஷம் வந்து, அறுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அறுப்பது! அறுத்தால் நாளைக்கு எதன் மேல் நிற்பது? நான் பலகையின் மேல் குப்புறப் படுத்துவிட்டேன். உண்மையாகவே. நடுச்சாலையில். அறுக்கிறதென்றால் என்னையும் சேர்த்து அறுங்கள் என்றேன். நடத்துநர் மணியைப் பார்த்தார், விசிலை ஊதினார். சித்தப்பா இரண்டு பையோடும் குதித்து இறங்கினார். பேருந்து போயிற்று. அன்றைக்கு இரண்டாவது.

மூத்தவர் என்னைக் குனிந்து பார்த்தார். “இதும்மேல நிப்பேங்குறியே. எப்புடி நிப்ப? காட்டு.”

“தண்ணி வேணும் சார்.”

“ரோட்டுலயே காட்டு. பொய்யா நெசமான்னு தெரிஞ்சிடும்.”

காட்டினேன். வேறென்ன செய்வது? பலகையின் அடித்துடுப்புகளைக் கழற்றிவிட்டு, உறையை அடியில் விரித்தேன். படுத்தேன். இரண்டு கையாலும் காற்றைத் தள்ளினேன். ஒரே வீச்சில் எழுந்து, முழங்காலை மடக்கி, கையை விரித்து நின்றேன். காரைக்கால் துறைமுகத்திலிருந்து வந்த நிலக்கரி லாரிகளின் ஓட்டுநர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஒலிப்பானை அடித்தார். “இன்னொரு தடவ” என்றார் மூத்தவர். மறுபடி எழுந்து நின்றேன். சித்தப்பா டீக்கடைத் தூணுக்குப் பின்னால் இருந்தார். பாதி முகம் மட்டும் தெரிந்தது.

“கள்ளு ஊத்துறவனுக்கு இந்தப் பழக்கம் வராது. வுட்டுடு” என்றார் மூத்தவர். எனக்கு அழுகை வந்தது. அவமானத்தினால் இல்லை. இரண்டு முறையும் சரியாக நின்றிருந்தேன். அது வீணாகத் தார்ச்சாலையில் போயிற்றே என்றுதான்.

அவரே ஒரு வண்டியை மறித்தார். காரைக்காலிலிருந்து கடலூருக்கு மீன் ஏற்றிப் போகிற வண்டி. பெட்டிகளின் மேல் பலகை நீட்டிப் படுத்தது. யாருக்கும் அது அதிசயமாக இல்லை.

“கயலு, இன்னிக்குச் சனிக்கிழம. நான் கவுச்சி தொடமாட்டேன்” என்றார் சித்தப்பா.

“நீங்க சாப்புட வேணாம் சித்தப்பா. உக்காந்தா போதும்.”

ஓட்டுநர் அண்ணனுக்குப் பலகையைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம். “நாங்க அலையத் தாண்டி அந்தப் பக்கம் போறதுக்கே உசுரு போவுது. நீ அதும்மேலயே நிக்கிறங்குற. வேல ஏதும் இல்லியா ஒனக்கு?”

“இல்லண்ணே. இன்ஜினியரிங் படிச்சிருக்கேன்.”

“அதான பாத்தேன்.”

சிதம்பரத்தில் நிறுத்தினார். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும். சித்தப்பா கைகளை மூன்று தரம் கழுவிவிட்டு உட்கார்ந்தார். மீன் வாடையில் பக்கத்து மேசைக்காரர்கள் வேறு மேசைக்குப் போனார்கள். கொத்சு நன்றாக இருந்தது என்பதைக் கோபத்திலும் மறைக்க முடியாது. இரண்டாம் முறை வாங்கினோம். கடலூரில் இறங்கிப் புதுச்சேரிப் பேருந்தில் ஏறியபோது, பலகையும் நாங்களும் சேர்ந்து நாறிய நாற்றத்தில் பின்பக்கம் முழுக்க எங்களுக்கே கிடைத்தது. தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டு தலைநகருக்குள் நுழைந்தோம். கோப்புத் தூக்கி வரும்போது தங்குகிற விடுதிக்குச் சித்தப்பா கூட்டிப்போனார். “இந்தத் தடவ என்ன கோப்பு சார், இவ்ளோ நீட்டமா?” என்று கேட்டார் விடுதிக்காரர். சித்தப்பா சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறினார்.

ஞாயிறு காலை கடற்கரைக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. இங்கே பலகை மாட்டுவதற்கென்றே வண்டிகளின் பக்கவாட்டில் கொக்கி வைத்திருக்கிறார்கள். டீக்கடை வாசலில் பலகைகள் சாய்ந்து நிற்கின்றன. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே பலகை, அதே கடல். பாலத்துக்குத் தெற்கே தோஷம், பாலத்தில் கள், இங்கே வந்தால் விளையாட்டு.

மணலில் ஒரு மேசை. தொப்பி போட்ட ஓர் இளைஞர் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கயல்விழி, காரைக்கால் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். “காரைக்காலா? நெஜமாவே வந்துட்டீங்களா? அங்கேயிருந்து எப்பவும் யாரும் வரமாட்டாங்களே.” தாளைத் திருப்பினார். காரைக்காலுக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதி, கீழே புதுச்சேரிப் பையன் ஒருவன் பெயரும் எழுதியாகிவிட்டது. அந்தப் பையன் நெஞ்சில் எண் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

வரமாட்டார்களா? வர முடிகிறதா என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? எங்களுக்கென்று ஓர் இடத்தை எழுதி வைப்பதே நாங்கள் வந்துசேர மாட்டோம் என்ற நம்பிக்கையில்தானா? எல்லாம் மனசுக்குள் ஓடியது. வாயில் ஒன்றும் வரவில்லை. இரண்டு நாளாகக் கத்திக்கொண்டே வந்தவளுக்குக் கத்த வேண்டிய இடத்தில் குரல் இல்லை.

பத்தடி தள்ளி நின்ற சித்தப்பா மேசைக்கு வந்தார்.

“தம்பி, மணி என்ன?”

“ஆறே முக்கால் சார்.”

“ஏழு மணி வரைக்கும் டயம்னு போட்டிருக்கீங்க. ஆறே முக்காலுக்கு ‘வரவில்லை’ன்னு எப்புடிப்பா எழுதுவ? ஏழு அடிச்சப்புறம் எழுத வேண்டியதுல்ல?”

“இல்ல சார், வழக்கமா…”

“வழக்கத்த வுடு. அத அடி. அடிச்ச எடத்துல ஒன் கையெழுத்தப் போடு. கையெழுத்து இல்லாம அடிச்சா அடிச்சதாவே ஆவாது.”

அவர் குரல் உயரவே இல்லை. இருபது வருடம் கோப்புகளோடு இந்த ஊருக்கு வந்து, பிழைகளைத் திருத்தி வாங்கிக்கொண்டு போன குரல். இளைஞர் அடித்தார். கையெழுத்தும் போட்டார். புதுச்சேரிப் பையன் தன் எண்ணைப் பிய்த்து என்னிடம் நீட்டினான். “நல்லதா போச்சுக்கா, எனக்கு இன்னிக்கு அலையப் பாத்தாலே பயமா இருக்கு” என்றான்.

பயப்பட வேண்டிய அலைதான். முதல் அலையில் விழுந்தேன். இரண்டாவதில் எழுவதற்கு முன்பே பலகை என்னை விட்டுப் போனது. கரையில் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பது தெரிந்தது. “ரோட்டுல நின்னல்ல! அதே மாதிரி நில்லு!” என்று கத்தினார். அத்தனை பேர் முன்னால். மூன்றாவது அலை இடப்புறமிருந்து முதுகைத் தூக்கிக்கொண்டு வந்தது. தள்ளினேன். எழுந்தேன். முழங்கால் மடங்கியது, கைகள் விரிந்தன, ஜெனிஃபரின் மெழுகு பாதத்தைப் பிடித்துக்கொண்டது. நிலக்கரி லாரிகளுக்கு முன்னால் நின்றதுபோலவே நின்றேன். இந்தத் தடவை சாலை என்னைத் தூக்கிக்கொண்டு கரைவரைக்கும் ஓடியது.

இடம் கிடைத்தது. தொப்பிக்காரர் கை கொடுத்தார். வகுப்பு வாராவாரம், சனியும் ஞாயிறும் என்றார். சனியா என்றேன். ஆமாம் என்றார். திருநள்ளாற்றில் சனிக்கிழமை என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

“எதுக்குத் தூக்கிட்டு அலையுறீங்க? போர்ட இங்கயே வச்சிட்டுப் போங்க” என்றார்.

நல்ல யோசனை. என் இரண்டு தோளும் அதை ஆதரித்தன. ஆனால் பலகை இங்கே இருந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை காரைக்கால் கடலில் எது இருக்கும்? ஜெனிஃபர் எதன் மேல் ஏறுவாள்? நாங்கள் இறக்கிவிட்டு விரட்டப்பட்ட அந்த நாலு பிள்ளைகளும் எதைத் தொட்டுப் பார்ப்பார்கள்? இருக்கும் ஒன்றையும் தலைநகரில் வைத்துவிட்டு வருவதற்கு நான் என்ன கோப்பா தூக்கி வந்தேன்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பேருந்து நிலையத்தில் காரைக்கால் வண்டி புறப்படத் தயாராக நின்றது. நடத்துநர் என்னையும் கறுப்பு உறையையும் மேலும் கீழும் பார்த்தார். “என்னம்மா இது? இதெல்லாம் ஏத்த முடியாது.”

வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது. சித்தப்பா பத்தடி தள்ளி நிற்கவில்லை. பலகையின் வாலைத் தன் தோளில் வைத்திருந்தார். சட்டையில் மீன் வாடை, வேட்டியில் மணல்.

“எங்க அண்ணன் பொண்ணோட பலகைங்க. அலையில ஓட்டுறது. துணி மூட்ட இல்ல, கள்ளும் இல்ல. வேணும்னா மூடியத் தெறந்து மோந்து பாத்துக்கங்க. கடைசி சீட்டுக் காலடியில சரியா ஒக்காரும், நான் வச்சுப் பாத்திருக்கேன்.” பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். “மூணு காரைக்கால் குடுங்க.”

“ரெண்டு பேருதான இருக்கீங்க?”

“மூணுங்க. அடுத்த சனிக்கிழமையும் மூணு பேரும் வருவோம். மொகத்தப் பாத்து வச்சுக்கங்க.”